உயரம் கூடக்கூட எடை என்ன ஆகிறது: அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் பாடநூல் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும் வணக்கம்.

உயரத்தோடு புவியீர்ப்பு எப்படி மாறுகிறது என்ற பாடம் பெரும்பாலான பாடநூல்களில் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு படம், ஒரு சமன்பாடு, இரண்டு கணக்குகள், அத்துடன் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். அந்தக் கணக்குகளைப் பிழையின்றிப் போட்டு முழு மதிப்பெண் வாங்கும் மாணவரிடம், விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று கேட்டால், "அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு விசை கிடையாது" என்று தயங்காமல் சொல்கிறார். நீண்ட காலமாக இயற்பியல் கற்பித்துவரும் என் கணிப்பில், இந்தப் பதிலுக்கு அந்த மாணவரைக் குறைசொல்ல முடியாது. நாம் வரைந்திருக்கும் படமும், பாடத்தை வரிசைப்படுத்தியிருக்கும் விதமும், சூத்திரத்தின் எல்லையைச் சொல்லாமல் விட்டதும்தான் அவரை அந்தப் பதிலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இவற்றை மாற்றும் பொறுப்பு உங்களிடம் இருப்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். பூமியை ஒரு சிறு உருண்டையாக வரைந்து, அதிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு செயற்கைக்கோளை நிறுத்துவது நம் வழக்கம். இடம் பற்றாக்குறை, பார்ப்பதற்குத் தெளிவு என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தப் படத்தை மாணவர் அப்படியே நம்பிவிடுகிறார். ஒரு தாளை எடுத்து 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். அந்த அளவுகோலில் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரம் 0.14 மில்லிமீட்டர்தான் வருகிறது, அதாவது நாம் வரைந்த பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. பயணிகள் விமானம் பறக்கும் உயரமும் அதே கோட்டுக்குள்தான். விண்வெளியின் தொடக்கம் என்று பரவலாக ஏற்கப்பட்ட 100 கிலோமீட்டர் உயரம் கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி அமைகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றிவரும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரம் ஆறு மில்லிமீட்டர் சொச்சம், அவ்வளவே. நிலவை வரைய வேண்டுமானால் ஆறு மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

இந்தப் படத்தை ஒருமுறை தன் கையால் வரைந்துவிட்ட மாணவருக்கு, ஆறு மில்லிமீட்டர் தள்ளியதும் ஈர்ப்பு மறைந்துவிடும் என்று சொன்னால் நம்பிக்கை வராது. ஈர்ப்பு விசையைத் தீர்மானிப்பது பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம் என்பதையும், தரையில் நிற்கும்போதே நாம் மையத்திலிருந்து 6,371 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம் என்பதையும், ஏற்கெனவே இருக்கும் அந்தப் பெருந்தூரத்தோடு ஒப்பிட்டால் மலையும் விமானமும் சேர்க்கும் தூரம் மிக அற்பம் என்பதையும் அந்தப் படமே அவருக்குச் சொல்லிவிடும். பாடம் உயரத்திலிருந்து தொடங்காமல் மையத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை. மற்றவை எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஈர்ப்பு குறைகிறது என்ற ஒரே விதியைக் கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் எண்கள் மாணவருக்கு வியப்பைத் தரக்கூடியவை. எவரெஸ்ட் உச்சிக்குச் சமமான உயரத்தில் குறைவு 0.28 சதவீதம், 60 கிலோகிராம் நிறையுள்ளவர் சுருள்வில் தராசில் ஏறி நின்றால் 170 கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். 100 கிலோமீட்டரில் குறைவு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். 400 கிலோமீட்டரில் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 8.69 மீட்டர், அதாவது தரையில் உள்ளதில் 88 சதவீதத்துக்கும் மேல் அங்கே அப்படியே இருக்கிறது. பாதியாகக் குறைய வேண்டுமானால் 2,640 கிலோமீட்டர் ஏற வேண்டும். கால் பங்காகக் குறைய, பூமியின் ஆரத்துக்குச் சமமான உயரம் போக வேண்டும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிற்பதுபோல் தோன்றும் 35,786 கிலோமீட்டர் உயரத்தில்கூட 2.3 சதவீதம் மிஞ்சியிருக்கிறது. அந்த மிச்சம்தான் அவற்றைத் தப்பிப் போகவிடாமல் வட்டப் பாதையில் பிடித்து வைத்திருக்கிறது.

இப்போது விண்வெளி நிலையத்துக்கு வருகிறேன். பாடத்தின் மையக் குழப்பம் இங்குதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். நிலையம் செல்லும் அதே 400 கிலோமீட்டர் உயரத்துக்குத் தரையிலிருந்து ஒரு கோபுரம் எழுப்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உச்சியில் 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் சுருள்வில் தராசின் மேல் நிற்கிறார். தராசு சுமார் 53 காட்டும். அவர் மிதக்க மாட்டார். கையில் உள்ள பேனாவை விட்டால் அது காலடியில் விழும். கோபுரத்தின் விளிம்பைத் தாண்டி அடியெடுத்து வைத்தால் அவரும் கீழே விழுவார். அதே நேரத்தில் விண்வெளி நிலையம் வினாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் அவர் அருகே கடந்துபோகிறது. உள்ளே இருப்பவர்கள் மிதக்கிறார்கள். இருவரும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறார்கள், இருவர் மீதும் பூமி ஒரே அளவு ஈர்ப்பைச் செலுத்துகிறது, இருந்தும் ஒருவருக்கு எடை தெரிகிறது, மற்றவருக்குத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டுக்கு உயரம் காரணமாக இருக்கவே முடியாது என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காரணம் இயக்கம். நிலையம் ஒவ்வொரு வினாடியும் பூமியை நோக்கி நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக விழுகிறது. அதே வினாடியில் அது முன்னோக்கிக் கடக்கும் 7.7 கிலோமீட்டர் தூரத்துக்குள், பூமியின் வளைவு அதே நான்கு மீட்டர் சொச்சம் கீழிறங்கிவிடுகிறது. ஆகவே விழுந்துகொண்டே இருந்தும் தரையைத் தொடாமல், 92 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருகிறது. நிலையமும், அதன் சுவரும், தளமும், உள்ளே இருப்பவரும், அவர் கையில் உள்ள கரண்டியும் ஒரே முடுக்கத்தில் சேர்ந்தே விழுவதால், எதுவும் எதையும் அழுத்துவதில்லை. நாம் எடை என்று உணர்வது தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசையைத்தான். உடன் விழும் தரை யாரையும் தள்ளுவதில்லை.

இதற்கு விண்வெளிக்கே போக வேண்டியதில்லை என்பதையும் பாடம் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பிரெமன் நகரில் உள்ள ஆய்வுக் கோபுரத்தில் கருவிகள் அடங்கிய ஒரு கலத்தை 110 மீட்டர் விழவிட்டு, ஐந்து வினாடிகளுக்குச் சற்றுக் குறைவான நேரம் எடையற்ற நிலையை உண்டாக்குகிறார்கள். அங்கே ஈர்ப்பு முழு அளவில் இருக்கிறது. பயிற்சி விமானங்கள் மேலேறி வளைந்து இறங்கும்போது இருபது வினாடிகளுக்கு மேல் உள்ளே இருப்பவர்கள் மிதப்பதும் இதே காரணத்தால்தான்; அந்த உயரத்தில் ஈர்ப்பின் குறைவு அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே எடையின்மையை 'உயரத்தைப் பொறுத்து ஈர்ப்பு மாறுதல்' என்ற தலைப்பின் கீழ் வைக்காதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அதன் இடம் இயக்க விதிகள் பாடத்தில், மின்தூக்கிக் கணக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டுவிட்டு, மாணவர் ஒன்றை மற்றதற்குக் காரணமாக எடுத்துக்கொள்கிறார் என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

காற்று தீரும் இடத்தில் ஈர்ப்பும் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் இதனோடு ஒட்டிப் பிறந்ததுதான். 2012ஆம் ஆண்டில் ஆஸ்திரிய வான்குதிப்பு வீரர் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் கலத்திலிருந்து குதித்தார். அங்கே காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் ஒரு சதவீதம்கூட இல்லை, ஈர்ப்போ 1.2 சதவீதம் மட்டுமே குறைந்திருந்தது. தடுக்கக் காற்று இல்லாமல் ஈர்ப்பு மட்டும் ஏறக்குறைய முழுமையாக இருந்ததால்தான் அவர் ஒலியின் வேகத்தைத் தாண்டி விழுந்தார். காற்று மண்டலத்தைப் பிடித்து வைத்திருப்பதே ஈர்ப்பு என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

அடுத்து, உயரம் குறைவாக இருக்கும்போது பயன்படுத்தும் தோராயச் சூத்திரம். தரையில் உள்ள ஈர்ப்பு முடுக்கத்தை, ஒன்றிலிருந்து உயரத்தின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கழித்துப் பெருக்குங்கள் என்கிற அந்த வடிவம், மலைக்கும் விமானத்துக்கும் அழகாகப் பொருந்தும். 400 கிலோமீட்டரிலேயே அது ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகத் தொடங்கிவிடுகிறது. ஆரத்தின் பாதியளவு உயரத்தில் அது தரும் விடை பூஜ்யம்; உண்மையான மதிப்பு ஒன்பதில் நான்கு பங்கு. ஆரத்துக்குச் சமமான உயரத்தில் விடை குறைக்குறியோடு வருகிறது, அதாவது பூமி பொருள்களை வெளியே தள்ளுகிறது என்று ஆகிவிடுகிறது. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஈர்ப்பு பூஜ்யமாகிறது என்று ஒரு மாணவர் கணக்குப் போட்டே 'நிரூபிக்க' முடிகிறது என்றால், தவறான நம்பிக்கைக்கு நாமே சான்றிதழ் கொடுத்தது போலாகிறது. முழு விதியை முதலில் சொல்லி, அதன் பிறகு தோராயத்தையும் அது செல்லுபடியாகும் எல்லையையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு ஆழத்தைப் பற்றிய சூத்திரத்தில் இருக்கிறது. பூமிக்குள் இறங்க இறங்க ஈர்ப்பு சீராகக் குறைந்து மையத்தில் பூஜ்யமாகும் என்று ஒரு நேர்கோட்டை வரைகிறோம். அதைத் தோராய உயரச் சூத்திரத்தோடு சேர்த்து, 'எந்த ஆழத்தில் ஈர்ப்பு, இந்த உயரத்தில் உள்ளதற்குச் சமமாக இருக்கும்?' என்று கேட்டு, ஆழம் உயரத்தைப் போல் இரு மடங்கு என்ற விடையை எதிர்பார்க்கிறோம். பூமி முழுவதும் ஒரே அடர்த்தி கொண்டிருந்தால் அது சரி. உண்மையான பூமியின் சராசரி அடர்த்தி நீரைப் போல் ஐந்தரை மடங்கு. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி இரண்டே முக்கால் மடங்கை ஒட்டியது. கனமான பகுதி உள்ளே இருப்பதால், இறங்கும்போது தலைக்கு மேலே விட்டுவிடும் பாறையால் இழப்பதைவிட, மையத்தை நெருங்குவதால் அடைவது அதிகம்.

1854ஆம் ஆண்டிலேயே இது அளந்து காட்டப்பட்டுவிட்டது. வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி, இங்கிலாந்தின் ஹார்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் சுமார் 380 மீட்டர் ஆழத்திலும் அதன் நேர்மேலே தரையிலும் ஊசல்களை ஆடவிட்டு ஒப்பிட்டார். கீழே இருந்த ஊசல் வேகமாக ஆடியது. ஒரு நாளைக்கு இரண்டே கால் வினாடி அளவுக்கு அது முந்தியது. அதாவது சுரங்கத்தின் அடியில் ஈர்ப்பு, மேலே உள்ளதைவிடப் பத்தொன்பதாயிரத்தில் ஒரு பங்கு கூடுதல். அந்த வேறுபாட்டிலிருந்து அவர் பூமியின் சராசரி அடர்த்தியைக் கணக்கிட முயன்றார். நிலநடுக்க அலைகளைக் கொண்டு இன்று நாம் அறிந்திருக்கும் உள்ளமைப்பின்படி, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் மூடகமும் (மேலோட்டுக்குக் கீழே உள்ள பாறை அடுக்கு) கருவமும் (பூமியின் நடுப்பகுதி) சந்திக்கும் எல்லை வரை ஈர்ப்பு குறிப்பிடும்படிக் குறைவதே இல்லை. அந்த எல்லையில் அது 10.7ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகுதான் மையத்தை நோக்கி இறங்குகிறது. நேர்கோட்டு வரைபடத்தை நீக்க வேண்டாம், அது நல்ல கணிதப் பயிற்சி. பக்கத்திலேயே உண்மையான வரைபடத்தையும் போட்டு, எது கற்பனைக் கோளம், எது நாம் நிற்கும் பூமி என்று பெயரிட்டுக் காட்டுங்கள்.

உயரம் மட்டுமே எடையை மாற்றுகிறது என்ற தோற்றத்தையும் தவிர்க்கலாம். துருவத்தில் ஈர்ப்பு முடுக்கம் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. அரை சதவீதத்துக்குச் சற்று அதிகமான இந்த வேறுபாடு, எவரெஸ்ட் உயரத்துக்கு ஏறுவதால் வரும் குறைவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இதன் பெரும்பகுதி பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வருவது. மீதி, நிலநடுக்கோடு மையத்திலிருந்து துருவத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருப்பதால் வருவது. அந்தப் புடைப்பின் காரணமாகவே, கடல்மட்டத்திலிருந்து 6,263 மீட்டர் மட்டுமே உயரமுள்ள ஈக்வடாரின் சிம்போராசோ சிகரம், மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டைவிட இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 'உயரம் எங்கிருந்து?' என்று மாணவரை யோசிக்க வைக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் நிலப்பரப்பில் ஈர்ப்பு மிகக் குறைவாக உள்ள இடம் இவ்விரண்டுமே இல்லை; 2013இல் வெளியான விரிவான கணக்கீட்டின்படி அது பெரு நாட்டின் உவாஸ்கரான் மலை, அங்கே மதிப்பு 9.764. உயரம், நிலநடுக்கோட்டு அண்மை, கீழே உள்ள பாறையின் அடர்த்தி மூன்றும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. மலை தன் சொந்த நிறையாலும் நம்மைக் கீழே இழுக்கிறது என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஆண்டிஸ் மலைகளில் ஊசலோடு ஏறிய பிரெஞ்சு அறிவியலாளர் பியர் பூகே கணக்கில் எடுத்துக்கொண்டார். நம் பாடநூல்கள் மலையை வெறும் ஏணியாகவே கருதுகின்றன.

மேல்வகுப்பு மாணவருக்கு இன்னொன்றும் சொல்லலாம். நிலநடுக்கோட்டின் மேல் 12 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கிழக்கே பறக்கும் விமானத்தில், உயரத்தால் குறையும் எடையைவிட வேகத்தால் குறைவது அதிகம். மேற்கே திரும்பிப் பறந்தால் வேகம் எடையைக் கூட்டுகிறது. கப்பல்களில் எடுக்கப்பட்ட ஈர்ப்பு அளவீடுகளில் இதைக் கவனித்து விளக்கியவர் ஹங்கேரிய இயற்பியலாளர் ஏட்வஷ். காற்றின் மிதப்பு விசையும் மலையுச்சியில் குறைவதால், தராசு காட்டும் இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது என்பதும் சரியே; அதை ஒரு அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

நிறையும் எடையும் வேறு என்று எல்லாப் பாடநூல்களும் எழுதுகின்றன. அதைக் காட்டும் காட்சியைத்தான் தருவதில்லை. மேலே சொன்ன கோபுர உச்சியில் இரட்டைத் தட்டுத் தராசை வைத்தால் அது 60 என்றே காட்டும், ஏனென்றால் எடைக்கற்களின் எடையும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். சுற்றுப்பாதையிலோ இரண்டு தராசுகளும் பயன்படாது. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்தில் வீரர்களின் நிறையை அறிய, சுருள்வில் பொருத்திய ஓர் இருக்கையில் அவர்களை உட்காரவைத்துக் கட்டி, முன்னும் பின்னும் ஆடவிட்டு, ஒரு அலைவுக்கு ஆகும் நேரத்தை அளந்தார்கள். நிறை கூடினால் இருக்கை மெதுவாக ஆடும். எடை முழுவதும் மறைந்த இடத்திலும் நிறை தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்பதற்கு இந்த இருக்கையின் படம் ஒன்று பாடநூலில் இருக்க வேண்டும்.

நிலவைப் பற்றிய பத்தி பொதுவாக நன்றாகவே எழுதப்படுகிறது. நிலவு மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தூரத்தில் இருப்பதால், அங்கே பூமியின் ஈர்ப்பு 3,600இல் ஒரு பங்கு. தரையருகே ஒரு கல் ஒரு வினாடியில் விழும் தூரத்தை நிலவு ஒரு நிமிடத்தில் விழுகிறது என்று நியூட்டன் ஒப்பிட்டுக் காட்டினார். அதோடு, 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களையும் சேர்க்கக் கேட்கிறேன். தொடக்கத்தில் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று 220 கிலோமீட்டர் இடைவெளியில் சென்ற அவை, அந்த இடைவெளியின் மிக நுண்ணிய மாற்றங்களை அளந்து, கீழே நிலத்தடி நீரும் பனிப்பாளங்களும் கூடிக் குறைவதால் ஈர்ப்பில் ஏற்படும் வேறுபாட்டைப் பதிவுசெய்தன. விண்வெளி நிலையத்துக்கும் மேலே பறந்தபடி பூமியின் ஈர்ப்பையே அளந்த கருவிகளைப் பற்றிப் படித்த மாணவர், அந்த உயரத்தில் ஈர்ப்பு இல்லை என்று எழுத மாட்டார்.

வினாத்தாள் தயாரிப்போரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எண்களைச் சூத்திரத்தில் இட்டு விடை காணும் வினா ஒன்றை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இதைக் கேளுங்கள்: 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 400 கிலோமீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியில் நிற்கிறார்; அதே நிறையுள்ள மற்றொருவர் அதே உயரத்தில் சுற்றிவரும் நிலையத்துக்குள் இருக்கிறார்; ஒவ்வொருவர் மீதும் பூமி செலுத்தும் ஈர்ப்பு விசை எவ்வளவு, ஒவ்வொருவர் காலடியிலும் உள்ள தராசு எவ்வளவு காட்டும்? பூமியின் சுழற்சியைக் கருத வேண்டியதில்லை என்று குறிப்பிட்டுவிடுங்கள். விசை இருவருக்கும் 521 நியூட்டன். தராசு முதலாமவருக்கு அதே 521ஐயும் இரண்டாமவருக்குப் பூஜ்யத்தையும் காட்டும். விடைத்தாள் திருத்துவோருக்கான குறிப்பில், பூஜ்யம் என்று எழுதி அதற்கு 'அங்கே ஈர்ப்பு இல்லை' என்று காரணம் சொன்னவருக்கு அந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்